ஏழாவது முடிவுரை

இசக்கியம்மாள் முடிவுரையை ஏழாவது முறையாக எழுதி எடுத்துக்கொண்டு தன் நெறியாளரைப் பார்க்கப் போனாள்.

நெறியாளர் ரெஜினா துறையில் இல்லை. அகழாய்வு மேட்டில் இருந்தார். மழைக்கு முன் குழிகளை மூடும் வாரம் அது. நான்கு குழிகள் மூடியாயிற்று. கடைசிக் குழி மிச்சம்.

மினி பஸ் கருங்கொடி விலக்கில் நின்றது. அங்கிருந்து மேட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஆறு ஆண்டுகளாக நடந்த வழி. இசக்கி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பைக்குள் பதினொரு பக்கங்கள் இருந்தன.

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். கால நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆறு இயல்கள் தயாராக இருந்தன. ஏழாவது இயலான முடிவுரை மட்டும் நிற்கவில்லை.

முதல் முறை எழுதியது நாற்பத்திரண்டு பக்கம். ஒவ்வோர் இயலின் கடைசியில் இருந்த தொகுப்புரையையும் அப்படியே எடுத்து வரிசையாக ஒட்டியிருந்தாள். துறையில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். ரெஜினா ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘இதை நான் ஏற்கெனவே படித்துவிட்டேன்.’

இரண்டாவது முறை ஒன்றரைப் பக்கம். ‘பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா?’

அதற்குப் பிறகு எழுதியவற்றில் பென்சில் குறியே இல்லை. வெறுமனே திரும்பி வந்தன. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் ஆய்வு கருங்கொடி மேட்டில் கிடைத்த பழைய பாசிமணிகளைப் பற்றியது. மணிகள் இங்கேயே செய்யப்பட்டன என்பது அவள் கருதுகோள். இரண்டாம் ஆண்டிலேயே அதை அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இசக்கிதான். “எம்மவ பாசி செஞ்ச ஊரைக் கண்டுபிடிச்சிருக்கா” என்று அப்பா சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில் கேட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள்.

ஆறு ஆண்டில் அறுபத்தொரு மணிகள் கிடைத்தன. எல்லாமே துளை போட்டு, மெருகேற்றி முடித்தவை. பாதி துளைத்த மணி ஒன்றுகூட இல்லை. செதுக்கி எறிந்த கல் சில்லு இல்லை. மணிக்கல்லைச் சூடேற்றும் உலையும் இல்லை.

ஏழாவது முடிவுரையின் முதல் வரி இப்படி இருந்தது: ‘கருங்கொடி பழந்தமிழகத்தின் மாபெரும் மணித்தொழில் நகரம் என்பது இவ்வாய்வால் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுகிறது.’

அந்த வரியை எழுதியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

*

ரெஜினா ஐந்தாம் குழியின் விளிம்பில் குடை பிடித்து நின்றார். காதில் பென்சில் செருகியிருந்தார்.

“மேடம்.”

“வா. சாப்பிட்டியா?”

“ஆச்சு மேடம்.”

குழிக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. பத்து ஆண்டுகளாக அந்த மேட்டில் மண் சுமக்கும் செல்லத்தாய். தலை முழுக்கச் செம்மண்.

“பொய் சொல்லுதா மேடம். மூஞ்சியப் பாருங்க, புளிச்ச மாவு கணக்கா இருக்கு.”

“சும்மா இருங்கக்கா” என்றாள் இசக்கி.

ரெஜினா காகிதங்களை வாங்கினார். முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரிக்குப் போகவில்லை. காற்றில் பறக்காமல் இருக்க டீ பிளாஸ்கைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

“மேடம், முடிவுரையில என்னதான் எழுதணும்?”

“இந்தக் குழியை மூடணும்.”

“மேடம், வெள்ளிக்கிழமை…”

“மழை வியாழக்கிழமை. இறங்கு.”

இசக்கி செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கினாள்.

ஐந்தாம் குழி அவள் கேட்டுத் தோண்டிய குழி. உலை எங்காவது அகப்படும் என்று இந்தப் பருவத்தில் திறந்தது. தெற்குப் பாதி அடிவரை போயிருந்தது. அங்கே மஞ்சள் மண் தெரிந்தது. மனிதர் யாரும் புழங்காத கன்னி மண். வடக்குப் பாதியில் இடுப்பளவு மண் அப்படியே நின்றது. தோண்ட நாள் போதவில்லை. குழிக்குள் ஒரு பெரிய படிக்கட்டு போல இருந்தது.

இசக்கி அந்தப் படியைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

“மேடம், இதை இன்னிக்கே வெட்டிரட்டுமா? நாலு ஆளு இருந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

“எதுக்கு?”

“இதுக்குள்ள உலை இருந்துட்டா?”

“இருந்துட்டா?”

“முடிவுரை சரியாயிரும்.”

செல்லத்தாய் சிரித்துவிட்டாள். “ஆறு வருசமா வராத உலை, நீ வெள்ளிக்கிழமை பரிட்சைக்குப் போறேன்னதும் பதறியடிச்சு வந்துருமாக்கும்!”

“பாயை விரி” என்றார் ரெஜினா.

மேலேயிருந்து நீலப் பிளாஸ்டிக் பாய் இறங்கியது. இசக்கி அதைத் தெற்குப் பாதியில் மஞ்சள் மண்மேல் விரித்தாள். ஓரங்களை இழுத்துவிட்டாள்.

“பாய் எதுக்கு, சொல்லு.”

“நாளைக்கு வேற யாராவது வந்து தோண்டினா, நாம எதுவரைக்கும் வந்தோம்னு தெரியணும். பாய்க்கு மேல இருக்கிறது நாம திருப்பிப் போட்ட மண்ணு. கீழ இருக்கிறது நாம தொடாதது.” தேர்வில் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

“அப்ப அந்தப் பாதி?”

“அதுதான் தோண்டவே இல்லையே மேடம்.”

“அதான் கேக்கேன்.”

இசக்கி படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாயைத் தூக்கி, படிமேல் ஏற்றி, வடக்குச் சுவர் வரை இழுத்தாள். பாய் குழியின் உருவத்திலேயே மடிந்து கிடந்தது.

“காசு வை.”

அது வழக்கம். மூடும் ஆண்டில் அச்சடித்த காசு ஒன்றைப் பாயின்மேல் வைப்பார்கள். எந்த ஆண்டு மூடிய குழி என்று பின்னால் வருகிறவர்களுக்கு அது சொல்லும்.

ரெஜினா கைப்பையைத் துழாவினார். இல்லை. இசக்கியின் பர்சில் இரண்டு காசு இருந்தது. இரண்டும் பழையவை. செல்லத்தாய் சுருக்குப்பையைக் கவிழ்த்தாள்.

“இப்ப யாரு மேடம் காசு குடுக்கா? எல்லாம் போனைக் காட்டி ‘டொய்ங்’குன்னு முடிச்சிருதாங்க.”

அவள் பையிலும் புதுக் காசு இல்லை. இருந்ததிலேயே பளபளப்பான ஒன்றை இசக்கி எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு ஆண்டு பழையது.

“இது போதாதா மேடம்? ரெண்டாயிரம் வருசத்துல பன்னெண்டு வருசம் ஒரு வித்தியாசமா?”

“போதும். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே நீ இந்தக் குழியைத் தோண்டி மூடிட்டேன்னு ஆயிரும். கெட்டிக்காரப் பிள்ளைன்னு சொல்லுவாங்க.”

இசக்கி காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மேடம், என் மூக்குத்தியைப் போடட்டா?” என்றாள் செல்லத்தாய். “தங்கம். ஒரு ரூவா துட்டைவிடக் குழிக்கும் மதிப்பா இருக்கும்லா.”

“போடு. நூறு வருசம் கழிச்சு ஒரு பிள்ளை வந்து எடுப்பா. ‘இங்கே ஓர் அரசி வாழ்ந்தாள்’னு ஆய்வேடு எழுதுவா.”

“எழுதட்டுமே! எங்க வீட்டுக்காரர்கிட்ட யாராவது அதை வாசிச்சுக் காட்டினாச் சரி.”

ரெஜினாவும் சிரித்தார். இசக்கி சிரிக்கவில்லை. பிளாஸ்குக்கு அடியில் காகிதங்களின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

“மேடம். அவ எழுதினது தப்புன்னு யாருக்குமே தெரியாமப் போயிட்டா?”

ரெஜினா குடையை மடக்கினார். விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டார்.

“எங்க சார் ஒரு மேட்டைத் தோண்டினாரு. ரெண்டு குழி. ரெண்டும் நல்ல குழி. அப்புறம் முடிவுரை எழுதினாரு. ‘மேட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் ஆராயப்பட்டது. ஈமச் சின்னங்கள் எவையும் இல்லை.’”

“ரெண்டு குழியிலயா?”

“அவரு தமிழ் அப்படி. படிச்சா மறுபேச்சு வராது. முப்பது வருசம் அந்தப் பக்கம் ஒருத்தரும் மண்வெட்டி வைக்கலை.”

“அப்புறம்?”

“ரெண்டு வருசம் முன்னாடி ஒரு ஆட்டுக்காரர் ஆடு கட்ட முளைக்குச்சி அடிச்சாரு. குச்சி முதுமக்கள் தாழிக்குள்ள இறங்கிருச்சு.”

“ஆத்தாடி” என்றாள் செல்லத்தாய். “எத்தனை தாழி மேடம்?”

“யாருக்குத் தெரியும்? ஒண்ணும் இல்லாத இடம்னு சொல்லி முக்கால்வாசி வீட்டுமனை ஆயிருச்சு. மேல வீடு இருக்கு.”

“சார் என்ன சொன்னாரு?”

“அவரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நல்ல மனுசன். எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவருதான்.” ரெஜினா காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார். “அந்த முடிவுரையை டைப் அடிச்சது நான்.”

இசக்கி மெதுவாகக் கேட்டாள். “ரெண்டு குழிதான்னு உங்களுக்கு…”

“தெரியும்.”

பாயின் ஒரு மூலை காற்றில் எழும்பி அடங்கியது.

*

செல்லத்தாய்தான் முதலில் அசைந்தாள். சேலை முந்தானையில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்தாள். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட். வேலை முடிந்து பம்புசெட்டில் தலைக்கு ஊற்ற வைத்திருந்தது.

“இதுல என்னமோ நம்பர் அமுக்கிருக்கு மேடம். தேதியா பாருங்க.”

இசக்கி வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் எண்கள் அழுத்திப் பதிந்திருந்தன. இந்த ஆண்டு. ஏழாம் மாதம்.

“ஷாம்பு பாக்கெட்டா மேடம்?” என்றாள். “பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“தேதி சரியா இருக்கா?”

“இருக்கு.”

“மக்கிப் போகுமா?”

இசக்கி இரு கையாலும் இழுத்துப் பார்த்தாள். “இது மக்கவே மக்காது மேடம்.”

“பெறகென்ன?”

“இரு, இரு” என்று செல்லத்தாய் பாய்ந்து வாங்கினாள். “கவரு உங்களுக்கு. உள்ள இருக்கிறது எனக்கு.” மூலையைப் பல்லால் கிழித்து, அங்கேயே உச்சந்தலையில் பிதுக்கிக்கொண்டாள். காலிப் பாக்கெட்டைத் துடைத்து நீட்டினாள்.

இசக்கி அதைப் பாயின் நடுவில், தேதி மேலே தெரியும்படி வைத்தாள். பறக்காமல் இருக்க நான்கு கைப்பிடி மண் அள்ளி ஓரங்களில் போட்டாள். எழுந்து நின்று பார்த்தாள்.

பிறகு, “மேடம், அந்தக் காகிதத்தைக் குடுக்கிறீங்களா?” என்றாள்.

ரெஜினா பதினொரு பக்கங்களையும் பேனாவையும் கீழே கொடுத்தார். இசக்கி படிக்கட்டாய் நின்ற வடக்குப் பாதியில் ஏறி உட்கார்ந்தாள். காகிதங்களைத் திருப்பினாள். எழுதாத பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

‘கருங்கொடி மேட்டில் ஐந்து குழிகள் தோண்டப்பட்டன. மேட்டின் பரப்பில் அது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அறுபத்தொரு மணிகள் கிடைத்தன. அனைத்தும் செய்து முடிக்கப்பட்டவை. அவை இங்கே செய்யப்பட்டன என்று காட்டும் கழிவோ உலையோ இக்குழிகளில் இல்லை. என் கருதுகோளை இவ்வாய்வு உறுதிப்படுத்தவில்லை.’

அந்த வரி எழுதும்போது கை நின்றது. ஆனால் அவள் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. வானம் இடியவில்லை. செல்லத்தாய் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். இசக்கிக்குத் திடீரென்று பசித்தது.

“அக்கா, சாப்பிட ஏதாவது வச்சிருக்கியளா?”

“அப்படிக் கேளு. காலையில சாப்பிட்டவ கேக்கிற கேள்வியைப் பாருங்க மேடம்.” அவள் தூக்குவாளி மேலேயிருந்து இறங்கி வந்தது. எலுமிச்சைச் சோறு. இசக்கி இடது கையில் வாளியைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சாப்பிட்டாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி பேனாவை எடுத்தாள்.

‘நாற்பத்து மூன்று மணிகள் வீட்டுத் தரைகளில் கிடைத்தவை. அவற்றில் முப்பத்தெட்டு மணிகளின் துளை விளிம்பு நூல் உரசித் தேய்ந்துள்ளது. அவற்றை யாரோ நீண்ட காலம் அணிந்திருந்தார்கள்.’

அந்தத் தேய்மானத்தை அவள் ஒரு முழு ஆண்டு நுண்ணோக்கியில் அளந்திருந்தாள். அது ஐந்தாம் இயலில் இருந்தது. தொகுப்புரைகளை ஒட்டிய முதல் முடிவுரைக்குப் பிறகு எதிலும் இல்லை.

போன் அடித்தது. அப்பா.

“என்னம்மா, முடிச்சாச்சா?”

இசக்கி பாயைப் பார்த்தாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். பாசி இங்க செஞ்சதுக்கு அடையாளம் எதுவும் கிடைக்கலைப்பா. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு.”

மறுமுனையில் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ தக்காளி விலை கூவினார்கள்.

“அப்ப பாசியே இல்லையா?”

“பாசி இருக்கு. போட்டிருந்திருக்காங்க. ரொம்ப நாளாப் போட்டதுல நூல் உரசி ஓட்டையே தேஞ்சிருக்கு.”

“உங்கம்மா பாசி மாதிரியா?”

“ஆமாப்பா. அப்படித்தான்.”

“ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி?”

“ஆமா.”

“வாங்கிப் போட்டிருந்தா வசதியான ஊருதான் போல.”

“அதுவும் தெரியாதுப்பா.”

“சரி, சரி. சந்தையில இனி இப்படியே சொல்லிக்கிடுதேன். நீ சாப்பிட்டியா?”

“இப்பத்தாம்பா.”

போனை வைத்தாள். கடைசி வரியை எழுதினாள். ‘ஐந்தாம் குழியின் வடக்குப் பாதி, ஒன்றரை மீட்டர் ஆழத்திற்குக் கீழே, தோண்டப்படவில்லை.’ அளவு நினைவிலிருந்து எழுதியது. டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். ஒன்று புள்ளி நான்கு. அடித்துத் திருத்தினாள்.

ஏணியில் ஏறிக் காகிதத்தைக் கொடுத்தாள். ரெஜினா நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்துக்குப் போனார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். பென்சில் முனை காகிதத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்றது. பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“எப்ப டைப் பண்ணுவ?”

“நாளைக்கே மேடம். வியாழக்கிழமை பைண்டிங். வெள்ளிக்கிழமை காலையில கையில இருக்கும்.”

“சரி.”

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் இசக்கி மண்மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு ஆண்டில் முதல் முறையாக முதுகு தளர்ந்தது.

அப்போது முதல் துளி விழுந்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. குழிக்குள் நின்ற செல்லத்தாயின் தலையில் நுரை பொங்கி நெற்றியில் வழிந்தது.

“மேடம்! வியாழக்கிழமைன்னு சொன்னீங்க!”

“அது வானிலைக்காரங்க எழுதின முடிவுரை. ஏறி வா.”

செல்லத்தாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திட்டிக்கொண்டே ஏறினாள். இசக்கி காகிதங்களைப் பையில் திணித்து, பையைக் குடைக்கடியில் வைத்தாள். மண்வெட்டியை எடுத்துக் குழி விளிம்பில் நின்றாள். நீலப் பாய்மேல் மழைத்துளிகள் தெறித்தன. நடுவில் அந்தச் சின்னப் பாக்கெட் ஈரத்தில் மின்னியது. அதற்கு வடக்கே, பாய்க்கு அடியில், அவள் தொடாத மண் இருந்தது.

“மேடம்.”

“என்ன?”

“உலை அந்தப் பாதியிலதான் இருந்துட்டா? அடுத்து வாரவ எடுத்துருவாளே.”

“எடுக்கட்டும். ஆனா, அவ கைக்கு முதல்ல வரப்போறது உன் ஷாம்பு பாக்கெட்டுதான்” என்றார் ரெஜினா. “மண்ணைத் தள்ளு.”